கூட்டு விமானப் பயிற்சியும் போர் விமானச் சோதனையும்: சூலூர்ப் பக்கம் அடிக்கடி காதில் விழும் கேள்விகள்

2024 ஆகஸ்ட்டில் கோவை மக்கள் வழக்கத்தைவிட அதிகமாக அண்ணாந்து பார்த்தார்கள். ஜெர்மனி, பிரான்ஸ், ஸ்பெயின், பிரிட்டன் நாட்டுப் போர் விமானங்கள் பக்கத்திலிருக்கும் சூலூர் விமானப்படைத் தளத்தில் இறங்கியிருந்தன. அன்றிலிருந்து டீக்கடையிலும் பள்ளி நிகழ்ச்சிகளிலும் உறவினர் வீட்டு விசேஷங்களிலும் என்னிடம் ஒரே மாதிரியான கேள்விகள் வருகின்றன. கேட்டவர்கள் கேட்டபடியே எழுதி, தெரிந்த பதிலைச் சொல்கிறேன். மேலிருந்து வரிசையாகப் படித்தால் பின்னால் வருவது எளிதாகப் புரியும்.

"தரங் சக்தி, தரங் சக்தின்னு சொன்னாங்களே, அது என்னங்க?"

இந்திய விமானப்படை பல நாடுகளைத் தன் மண்ணுக்கு அழைத்து நடத்திய பெரிய கூட்டு விமானப் பயிற்சி அது. 'தரங்' என்றால் அலை. முதல் கட்டம் 2024 ஆகஸ்ட் 6 முதல் 14 வரை சூலூரில் நடந்தது. இரண்டாம் கட்டம் ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி செப்டம்பர் 14 வரை ராஜஸ்தானின் ஜோத்பூரில் நடந்தது. ஜோத்பூருக்கு அமெரிக்கா, ஆஸ்திரேலியா, ஜப்பான், கிரீஸ், ஐக்கிய அரபு அமீரகம் ஆகிய நாடுகளின் விமானங்கள் வந்தன.

ஜெர்மன் விமானப்படை இந்தியாவில் பயிற்சிக்கு வந்தது அதுவே முதல் முறை. அவர்களுடைய தளபதி இங்கோ கெர்ஹார்ட்ஸ் தானே யூரோஃபைட்டர் போர் விமானத்தை ஓட்டிக்கொண்டு வந்தார். அப்போது விமானப்படைத் துணைத் தளபதியாக இருந்த ஏ.பி. சிங், நம் நாட்டுப் போர் விமானமான தேஜஸில் மேலே ஏறிப்போய் வானத்திலேயே அவரை வரவேற்றார்.

"இந்தியாவுல இதுதான் முதல் தடவையா? எங்க தாத்தா முன்னாடியே நடந்திருக்குன்னு சொல்றாரு."

தாத்தா சொல்வது சரி. 1962 சீனப் போருக்குப் பிறகு, 1963ல் 'சிக்ஷா' என்ற பெயரில் அமெரிக்க, பிரிட்டன், ஆஸ்திரேலிய விமானங்கள் இங்கே வந்து நம் படையோடு பயிற்சி செய்தன. அதன் பிறகு நடந்த பயிற்சிகள் பெரும்பாலும் இரண்டு நாடுகளுக்கு இடையிலானவை. பிரான்ஸுடன் 'கருடா', பிரிட்டனுடன் 'இந்திரதனுஷ்', அமெரிக்காவுடன் 'கோப் இந்தியா' என்று தனித்தனியாக நடந்தன. பல நாடுகளை ஒன்றாக அழைத்து, திட்டமிடுவதிலிருந்து நடத்துவது வரை எல்லாப் பொறுப்பையும் இந்தியாவே ஏற்றது என்பதால்தான் தரங் சக்தியை முதலாவது என்கிறார்கள்.

"இவ்வளவு பெரிய நாட்டுல ஏன் சூலூர்?"

தேஜஸ் இங்கே வளர்ந்த விமானம் என்பது ஒரு காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். முதல் தேஜஸ் படைப்பிரிவான 45ஆம் பிரிவு 2016 ஜூலையில் பெங்களூருவில் தொடங்கி 2018ல் சூலூருக்கு வந்தது. இரண்டாவது தேஜஸ் பிரிவான 18ஆம் பிரிவு 2020 மே 27 அன்று சூலூரிலேயே தொடங்கப்பட்டது. நாமே உருவாக்கிய விமானத்தை ஐரோப்பிய விமானங்களின் பக்கத்தில் நிறுத்திக் காட்ட இதைவிடப் பொருத்தமான இடம் ஏது?

அப்புறம், வந்தவர்களின் வழியும் ஒத்துவந்தது. ஜெர்மனி, பிரான்ஸ், ஸ்பெயின் மூன்றும் அந்த ஆண்டு 'பசிபிக் ஸ்கைஸ்' என்ற பெயரில் அலாஸ்கா, ஜப்பான், ஹவாய், ஆஸ்திரேலியா என்று உலகைச் சுற்றி வந்தன. ஆஸ்திரேலியாவில் பயிற்சி முடித்து மேற்கே திரும்பும்போது தென்னிந்தியா வழியிலேயே இருக்கிறது.

"நிஜமாவே ஒருத்தரை ஒருத்தர் சுட்டுக்குவாங்களா?"

இல்லை. விமானத்தோடு விமானம் மோதும் பயிற்சியில் யாரும் எதையும் ஏவுவதில்லை. இறக்கைக்கு அடியில் தொங்குவது பெரும்பாலும் பயிற்சி ஏவுகணை. அதன் தலையில் இருக்கும் தேடுகருவி மட்டும் நிஜம். வெடிமருந்தும் கிடையாது, தள்ளும் மோட்டாரும் கிடையாது. எதிரியைக் குறிபார்க்க முடிகிறதா என்று விமானிக்குச் சொல்வதோடு அதன் வேலை முடிந்தது.

பாதுகாப்பு விதிகள் மிகக் கடுமையானவை. ஒவ்வொரு விமானத்தைச் சுற்றியும் கண்ணுக்குத் தெரியாத ஒரு குமிழி இருப்பதாக வைத்துக்கொள்வார்கள். வழக்கமாக 500 அடி; அதற்குள் இன்னொரு விமானம் நுழையக் கூடாது. தரைக்கு மேல் சில ஆயிரம் அடியில் ஒரு கற்பனைத் தளத்தை வகுத்து அதைத் தரையாகவே பாவிப்பார்கள். அதற்குக் கீழே இறங்கியவர் 'செத்தவர்' கணக்கில் சேர்வார். ஏதாவது தப்பாகப் போகிறது என்று யாருக்குத் தோன்றினாலும், அவர் எவ்வளவு இளையவராக இருந்தாலும், ரேடியோவில் நிறுத்தச் சொல்லலாம். அந்த நொடியே சண்டை நின்றுவிடும்.

"அப்ப யாரு யாரைச் சுட்டாங்கன்னு எப்படித் தெரியும்?"

பல பயிற்சிகளில் ஏவுகணை வடிவத்திலேயே ஒரு குழலை இறக்கையில் மாட்டுவார்கள். விமானம் எங்கே இருக்கிறது, எந்த உயரம், எந்த வேகம், எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதையெல்லாம் அது பதிவு செய்துகொண்டே இருக்கும். விமானி "ஏவிவிட்டேன்" என்று ரேடியோவில் சொன்ன நேரத்தை இதோடு பொருத்திப் பார்த்து, அந்த ஏவுகணை போய்ச் சேர்ந்திருக்குமா என்று கணக்குப் போடலாம். சேர்ந்திருக்கும் என்றால் அடிபட்டவருக்குத் தகவல் போகும். அவர் சண்டையிலிருந்து விலகிவிடுவார்.

எதிரி வேடம் போடுகிற சிவப்பு அணிக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு. அடிபட்ட சிவப்பு விமானம் குறிப்பிட்ட ஓர் இடத்துக்குப் போய்விட்டு, புது எதிரியாகத் திரும்பி வரும். பத்து விமானங்களை வைத்தே இருபது, முப்பது எதிரிகளைக் காட்டிவிடலாம்.

"ஒரு நாள்ல என்னதான் செய்வாங்க? ஒரு மணி நேரம் பறந்துட்டு இறங்கிடறாங்களே?"

பறப்பது மிகச் சின்னப் பகுதி. இந்தக் கேள்விக்குத்தான் நான் நீளமாகப் பதில் சொல்வேன், ஏனென்றால் பயிற்சியின் உயிர் இங்கேதான் இருக்கிறது. முந்தைய நாளே ஒரு நாட்டு விமானியைப் பொறுப்பாளர் ஆக்குவார்கள். "இந்த இலக்கைத் தாக்கணும், நடுவில் இத்தனை எதிரிகள், தரையில் இத்தனை ஏவுகணைத் தளங்கள்" என்று கேள்வித்தாள் போல ஒன்றைக் கையில் கொடுப்பார்கள். யார் முன்னே போவது, யார் காவல், யாருக்கு எங்கே எரிபொருள் நிரப்புவது என்று அவர் எல்லா நாட்டவரையும் உட்காரவைத்துத் திட்டம் போட வேண்டும். ராத்திரி வரை இது இழுக்கும்.

மறுநாள் பறந்து இறங்கியதும் அலசல் தொடங்கும். பறந்த நேரத்தைவிடப் பல மடங்கு நேரம் இதற்கே போகும். பதிவுகளைத் திரையில் ஓடவிட்டு, "இந்த இடத்தில் நான் உன்னைப் பார்க்கவில்லை", "நீ சொன்னதை நான் வேறு மாதிரி புரிந்துகொண்டேன்" என்று ஒவ்வொரு தப்பாக எடுத்து வைப்பார்கள். அங்கே பதவி பார்க்கக் கூடாது. கர்னல் செய்த தப்பை இளம் விமானி சுட்டிக்காட்டலாம், காட்டவும் வேண்டும்.

இந்தப் பழக்கத்துக்குப் பெரிய வடிவம் கொடுத்தது அமெரிக்காவின் 'ரெட் ஃப்ளாக்' பயிற்சி. வியட்நாம் போரில் அவர்களுடைய இழப்பை ஆராய்ந்தபோது, ஒரு விமானி தன் முதல் பத்துப் போர்ப் பறப்புகளைத் தாண்டிவிட்டால் உயிர் பிழைக்கும் வாய்ப்பு வெகுவாகக் கூடுகிறது என்று தெரிந்தது. அந்த முதல் பத்தையும் பாதுகாப்பான இடத்தில் வைத்தே கொடுத்துவிடலாமே என்று ரிச்சர்ட் சூட்டர் என்ற அதிகாரி முன்வைத்த யோசனைதான் 1975ல் நெவாடா பாலைவனத்தின் நெல்லிஸ் தளத்தில் ரெட் ஃப்ளாக் ஆனது. நம் சுகோய்-30 விமானங்கள் 2008ல் அங்கே போயின. நம் ரஃபேல்கள் 2024ல் அலாஸ்காவில் நடந்த ரெட் ஃப்ளாக்குக்குப் போயின.

"பல நாட்டுக்காரங்க ஒண்ணா பறக்கறப்போ பாஷை குழப்பம் வராதா?"

பேசுவது ஆங்கிலம். உயரம் அடியில், வேகம் 'நாட்' (knot) என்ற அலகில். ஆனால் பாஷையைவிடப் பெரிய குழப்பம் கருவிகளில் வருகிறது. ஒரு விமானத்தின் ரேடார் பார்த்ததை இன்னொன்றின் திரைக்கு அனுப்பும் தகவல் இணைப்பு எல்லா நாட்டுக்கும் ஒன்றல்ல. இணைப்பு வேறாக இருக்கும் இரண்டு விமானங்கள் ஒன்றுக்கொன்று படம் அனுப்ப முடியாது. வாயால் சொல்லிப் புரியவைக்க வேண்டியதுதான்.

எரிபொருள் இன்னும் நல்ல உதாரணம். நம் சுகோய், ரஃபேல், தேஜஸ் மூன்றுக்கும் மூக்குப் பக்கத்தில் ஒரு குழாய் உண்டு. டேங்கர் விமானம் இழுத்து வரும் நீண்ட ஹோஸின் கூடைக்குள் அதைச் செருகி எண்ணெய் வாங்கும். யூரோஃபைட்டருக்கும் இதே முறைதான். ஜோத்பூருக்கு வந்த அமெரிக்க எப்-16, ஏ-10 விமானங்கள் அப்படி இல்லை. டேங்கரிலிருந்து நீளும் விறைப்பான குழாய், முதுகிலோ மூக்கிலோ இருக்கிற துளைக்குள் வந்து பொருந்த வேண்டும். நம் ஐஎல்-78 டேங்கரில் ஹோஸ் மட்டும்தான், ஆகவே அவற்றுக்கு நம்மால் நடுவானில் எண்ணெய் தர முடியாது. காகிதத்தில் இதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். யாருக்கு எங்கே எண்ணெய் தீரும் என்று ஒரே மேஜையில் உட்கார்ந்து திட்டம் போடும்போதுதான் அதன் வலி புரியும்.

"அண்ணா, டெஸ்ட் பண்றதும் இந்தப் பயிற்சியும் ஒண்ணுதானே?"

வேறு வேறு. சோதனையில் விமானத்தைக் கேள்வி கேட்கிறோம்: நீ எவ்வளவு தாங்குவாய்? பயிற்சியில் மனிதர்களைக் கேட்கிறோம்: தெரிந்த விமானத்தை வைத்துக்கொண்டு நீங்கள் என்ன செய்வீர்கள்? சோதிக்கப்படாத எதையும் யாரும் இன்னொரு நாட்டுப் பயிற்சிக்குக் கொண்டுபோக மாட்டார்கள். தேஜஸின் கணக்கைப் பாருங்கள். முதல் பறப்பு 2001 ஜனவரி 4. வெளிநாட்டில் நடந்த பயிற்சியில் முதலில் கலந்துகொண்டது 2023ல், அமீரகத்தின் 'டெசர்ட் ஃப்ளாக்'. நடுவில் 22 ஆண்டுகள்.

"22 வருஷம் என்னதான் சோதிச்சாங்க?"

முதல் நாள் ராஜீவ் கோத்தியால் ஓட்டியது வெறும் 18 நிமிடம். தேஜஸ் தானாக நிலையாக நிற்கும் விமானம் அல்ல. சட்டென்று திரும்புவதற்காக வேண்டுமென்றே அப்படி வடிவமைத்திருக்கிறார்கள். நொடிக்குப் பலமுறை அதைச் சரிசெய்து பிடித்துக்கொள்வது கணினி. 1998 பொக்ரான் அணுச் சோதனைக்குப் பின் அமெரிக்கா தடை விதித்தபோது இந்தப் பறப்புக் கட்டுப்பாட்டு வேலையில் கிடைத்துவந்த உதவி நின்றுபோனது. மீதியை நம் பொறியாளர்களே முடித்தார்கள்.

பிறகு வேகத்தையும் உயரத்தையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவார்கள். ஒவ்வொரு படியிலும் இறக்கையை லேசாக அதிரவைத்து, அந்த அதிர்வு தானாக அடங்குகிறதா என்று பார்ப்பார்கள். அடங்காமல் வளர்ந்தால் இறக்கை பிய்ந்துவிடும். விமானி தனியாக இருப்பதும் இல்லை. பெங்களூருவில் தரையில் ஒரு பெரிய அறையில் பொறியாளர்கள் உட்கார்ந்து நூற்றுக்கணக்கான அளவீடுகளை அந்த நொடியே பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒரு எண் தப்பாகப் போனாலும் "திரும்பி வாருங்கள்" என்பார்கள். 10,000 அடிக்கு மேலிருக்கும் லே தளத்தில் ராத்திரி முழுக்கப் பனியில் நிறுத்திவிட்டுக் காலையில் இன்ஜின் கிளம்புகிறதா என்று பார்க்க வேண்டும். பாலைவன வெயிலில் பார்க்க வேண்டும். ஒவ்வொரு ஆயுதத்துக்கும் தனிச் சோதனை உண்டு. நம் அஸ்திரா ஏவுகணையைத் தேஜஸிலிருந்து ஏவிப் பார்த்தது 2023 ஆகஸ்ட் 23, கோவா கடலுக்கு மேலே. கடற்படைக்கான தேஜஸ் 2020 ஜனவரி 11 அன்று விக்ரமாதித்யா கப்பலிலேயே இறங்கியது. தாமதமாகிவிட்டது என்ற குறையில் நியாயம் உண்டு, நானும் மறுக்கவில்லை. ஆனால் அந்த ஆண்டுகள் வீணாகக் கழியவில்லை.

"வெளிநாட்டு விமானத்தை வாங்கறதுக்கு முன்னாடி ஓட்டிப் பார்ப்பாங்களா?"

கட்டாயம். 126 விமானம் வாங்கத் திட்டமிட்டபோது ரஃபேல், யூரோஃபைட்டர், கிரிபென், எப்-16, எப்-18, மிக்-35 என ஆறும் போட்டியிட்டன. பெங்களூரு ஈரக்காற்று, ஜெய்சால்மர் வெயில், லே குளிர் என்று மூன்று இடத்திலும் ஓட்டிப் பார்த்தார்கள். 2011 ஏப்ரலில் யூரோஃபைட்டரும் ரஃபேலும் மட்டும் மிஞ்சின. 2012ல் விலையில் ரஃபேல் முந்தியது. அந்த ஒப்பந்தம் கடைசிவரை கையெழுத்தாகாமல், 2016ல் 36 ரஃபேல் மட்டும் வாங்கப்பட்டன. கடைசிச் சுற்றில் மோதிய அந்த இரண்டும் 13 ஆண்டு கழித்துச் சூலூர் ஓடுபாதையில் பக்கத்துப் பக்கத்தில் நின்றதைப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே சிலிர்த்தது.

"வானத்துல திடீர்னு வெடி மாதிரி சத்தம் வந்துச்சே, குண்டா?"

அநேகமாகச் சோனிக் பூம். ஒலியைவிட வேகமாகப் பறக்கும் விமானம் தன்னோடு இழுத்து வரும் அதிர்வலை தரையைத் தொடும்போது அப்படிக் கேட்கும். 2020 மே 20 அன்று பெங்களூரு முழுக்க ஜன்னல்கள் அதிர்ந்தன. அது விமானப்படையின் சோதனைப் பறப்பு என்று பிறகு அறிவித்தார்கள். விமானம் ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்ட வான்பகுதியில் இருந்தது. 36,000 முதல் 40,000 அடி உயரத்தில் ஒலியைவிட அதிகமான வேகத்தைக் குறைத்துக்கொண்டு வரும்போது சத்தம் வந்திருக்கலாம் என்றார்கள். 65 முதல் 80 கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும் கேட்கும். அதனால் சத்தம் கேட்ட இடத்தில் அண்ணாந்து பார்த்தால் விமானம் தெரியாது.

"மொட்டை மாடியிலிருந்து படம் எடுக்கலாமா? ட்ரோன் விட்டா?"

ட்ரோன் கூடவே கூடாது. விமானதளத்தைச் சுற்றி அதற்குத் தடை. இன்ஜினுக்குள் போனால் உயிர் போகும். தளத்தையோ அதன் கட்டடங்களையோ படம் எடுப்பதும் தப்பு. இன்னொன்றையும் கேட்டுக்கொள்கிறேன்: கறிக்கடைக் கழிவையும் குப்பையையும் தளத்தின் பக்கம் கொட்டாதீர்கள். அதைத் தேடிப் பருந்து வரும். தரைக்கு அருகே பறக்கும் விமானத்துக்குப் பருந்தைவிடப் பெரிய எதிரி இல்லை.

"என் பொண்ணு போர் விமானி ஆகணுங்கறா. பொண்ணுங்க இந்தப் பயிற்சிக்கெல்லாம் போறாங்களா?"

போகிறார்கள். முதல் மூன்று பெண் போர் விமானிகள் 2016 ஜூனில் பொறுப்பேற்றார்கள். அவர்களில் அவனி சதுர்வேதி 2023 ஜனவரியில் ஜப்பானில் நடந்த 'வீர் கார்டியன்' பயிற்சியில் சுகோயோடு கலந்துகொண்டார். மோகனா சிங் தேஜஸ் பிரிவில் சேர்ந்த முதல் பெண். தரங் சக்தியின் ஜோத்பூர் கட்டத்தில் பறந்தார். அவருடைய பிரிவு எது தெரியுமா? மேலே சொன்ன, சூலூரில் தேஜஸ் பிரிவாகத் தொடங்கிய 18. பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும் இருக்கட்டும். என்.டி.ஏ. (தேசியப் பாதுகாப்பு அகாடமி) தேர்வை இப்போது பெண்களும் எழுதலாம். பட்டம் முடித்தவர்களுக்கு விமானப்படையின் ஆஃப்கேட் தேர்வு இருக்கிறது.

"வெளிநாட்டுக்காரன் வந்து நம்ம ரகசியத்தையெல்லாம் பார்த்துட்டுப் போயிட மாட்டானா?"

பார்க்கத்தான் வருகிறான், நாமும் பார்க்கத்தான் போகிறோம். அதனால் எதைக் காட்டுவது என்பதை முன்கூட்டியே முடிவு செய்கிறார்கள். 2008 ரெட் ஃப்ளாக்கில் நம் சுகோய்கள் ரேடாரைப் பயிற்சி நிலையில் மட்டும் வைத்திருந்தன. தகவல் இணைப்பைப் பயன்படுத்தவில்லை. அமெரிக்கர்களும் அப்படித்தான். ரேடாரில் எளிதில் சிக்காத எப்-35 போன்ற விமானங்கள் பல நேரம் உடம்பில் சின்னச் சின்னப் பிரதிபலிப்பான்களை மாட்டிக்கொண்டுதான் பறக்கும். அப்போது உங்கள் ரேடாரில் தெரிவது அதன் உண்மையான உருவம் அல்ல.

"பயிற்சியிலயும் விபத்து நடக்குதே, இவ்வளவு ஆபத்து தேவையா?"

நடக்கிறது. சூலூருக்கு இரண்டு வாரம் முன்பு, 2024 ஜூலையில், ஆஸ்திரேலியாவின் 'பிட்ச் பிளாக்' பயிற்சியில் இத்தாலியின் யூரோஃபைட்டர் ஒன்று விழுந்தது. விமானி குதித்துத் தப்பினார். அதே ஆண்டு மார்ச் 12 அன்று ஜெய்சால்மர் அருகே ஒரு தேஜஸ் விழுந்தபோதும் விமானி தப்பினார். 2025 நவம்பர் 21 அன்று துபாய் விமானக் கண்காட்சியில் ஒரு தேஜஸ் விழுந்தபோது அப்படி நடக்கவில்லை. விங் கமாண்டர் நமன்ஷ் சியால் உயிரிழந்தார். அவருடைய உடல் முதலில் சூலூருக்குத்தான் வந்தது. இதை எழுதும்போது இப்போதும் மனம் கனக்கிறது.

தேவையா என்றால், தேவை என்றே சொல்வேன். அந்த முதல் பத்துப் பறப்புகளின் கணக்கு மாறவில்லை. அதை எங்கே கழிப்பது என்பதை மட்டும்தான் நாம் தேர்ந்தெடுக்க முடியும்.

"சரி, கடைசியா யாரு ஜெயிச்சாங்க? ஜெயிச்ச விமானத்தையே வாங்கிடலாமே?"

இந்தக் கேள்வி வராத நாளே இல்லை. 2004ல் குவாலியரில் நடந்த கோப் இந்தியாவை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க எப்-15 விமானங்கள் பெரும்பாலான மோதல்களில் நம்மிடம் தோற்றன என்று உலகமே பேசியது. நம் விமானிகள் அருமையாகத் திட்டமிட்டார்கள் என்று அமெரிக்கர்களே பாராட்டினார்கள். அது நாம் பெருமைப்பட வேண்டிய விஷயம். ஆனால் மோதல்களின் அமைப்பையும் பார்க்க வேண்டும். நான்கு எப்-15 விமானங்களுக்கு எதிராகப் பத்து, பன்னிரண்டு இந்திய விமானங்கள் வந்தன. தூரத்திலிருந்து அடிக்கும் அவர்களுடைய ஏவுகணையை முழுத் திறனோடு பயன்படுத்த விதி அனுமதிக்கவில்லை. 2015ல் பிரிட்டனில் இந்திரதனுஷ் முடிந்ததும் நம் பத்திரிகைகளில் நாம் 12-0 என்று ஜெயித்ததாக வந்தது. பிரிட்டன் தரப்பு அதை ஏற்கவில்லை.

அன்றைக்கு எதைக் கற்றுக்கொள்ள வேண்டுமோ அதற்குத் தகுந்தபடிதான் பயிற்சியின் விதிகளை எழுதுவார்கள். ஒரு நாள் உங்களுக்கு ஏவுகணை குறைவு, இன்னொரு நாள் ஆள் குறைவு, மற்றொரு நாள் உங்கள் ரேடார் பழுதானதாக வைத்துக்கொள்வார்கள். தோற்கும்படியே அமைத்த நாட்களும் உண்டு. அந்த எண்ணை வெளியே எடுத்து வந்து விமானத்தின் விலைப்பட்டியலில் ஒட்ட முடியாது. வாங்குவதற்கு லே குளிரில் நிறுத்திப் பார்க்கிற அந்தச் சோதனை தனியாக இருக்கிறது. அடுத்த முறை யாராவது 12-0 என்று சொன்னால், எத்தனை பேருக்கு எத்தனை பேர், என்ன ஏவுகணை, என்ன விதி என்று கேளுங்கள். அதைச் சொல்லாமல் எண்ணை மட்டும் சொல்கிறவருக்கு அன்று வானத்தில் என்ன நடந்தது என்று தெரியாது.